மாட்டுச் சந்தையில் பார்க்கும் பல்

மாடு வாங்கப் போகிறவன் முதலில் மாட்டின் வாயைத் திறந்து பார்ப்பான். அதில் நியாயமுண்டு. இரண்டு பல் போட்டிருந்தால் இன்ன வயது, நான்கு பல்லானால் இன்ன வயது, எட்டும் நிறைந்துவிட்டால் இனி இளமையில்லை என்று கணக்கிடலாம். தரகன் பொய் சொல்லுவான். பல் பொய் சொல்லாது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்ற பழமொழியும் இதனால்தான் பிறந்தது. விலை கொடுத்து வாங்குவதைச் சோதிக்கலாம், அன்பினால் வருவதைச் சோதிப்பது நாகரிகமன்று என்பது அதன் பொருள். மாட்டுக்கு நம் முன்னோர் காட்டிய இந்த நாகரிகத்தை மணப்பெண்ணுக்கு நாம் காட்டுகிறோமா? சகோதரர்களே, சற்று நிதானித்து விடை சொல்லுங்கள். நான் என் விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் காட்டவில்லை.

சென்ற ஆண்டு என் பெரியப்பா மகனுக்குப் பெண் தேடினார்கள். பேராக் மாநிலத்தில் நான் கிராணியாக இருக்கும் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக்குப் போய்ப் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். தரகர் புலனத்தில் அனுப்பிய படம் கைப்பேசியில் வந்து விழுந்தது. பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். சற்று நீண்ட முகம். வாயோடு கண்ணும் சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு. மேல்வரிசையில் இடப்பக்கத்துக் கோரைப்பல் மட்டும் வரிசையை விட்டு மேலே ஏறி நின்றது. தெற்றுப்பல் என்கிறோமே, அதுதான். பெரியம்மா இரண்டு விரலை வைத்துப் படத்தை விரித்தார்கள். நெற்றி மறைந்தது, கண் மறைந்தது, கன்னம் மறைந்தது, கைப்பேசி நிறையப் பல்லே நின்றது. தெற்றுப்பல் அதிர்ஷ்டம் என்றார்கள் அத்தை. மாமியாருக்கு ஆகாது என்றார்கள் பெரியம்மா. பட்டணத்து மாமா ஒருவர், ஏதோ விளம்பரத்தில் கற்ற பாடத்தை ஒப்பிப்பவர்போல, “பல்லின் நடுக்கோடு மூக்குக்கு நேராக இல்லை. நீளமான முகத்துக்கு இந்தப் பல் எடுக்காது” என்று தீர்ப்புக் கூறினார். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “நீ இங்கிலீஷ் படிச்சவன், தம்பி. நீ சொல்லு.”

ஆங்கிலவழியில் படித்த அறிவாளியாகிய நான் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் கோணல்தான்” என்றேன்.

அந்த இரண்டு சொற்களோடு சம்பந்தம் முறிந்தது. நான்கைந்து மாதங்களுக்குப் பின் தரகர் வாயிலாகவே செய்தி வந்தது. அப்பெண் பட்டமில்லாத யாரோ ஒருவரிடம் போய்ப் பல் கம்பி மாட்டிக்கொண்டாளாம். ஈறு வீங்கிச் சீழ் பிடித்து அரசாங்க மருத்துவமனைக்கு ஓடியபோது முன்பல் ஒன்றைப் பிடுங்க நேர்ந்ததாம். நான் கோணல் என்ற பல்லன்று. அதற்குப் பக்கத்தில் நேராக நின்ற பல்.

இதற்குப் பிறகே நான் இவ்விஷயத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்துவிட்டுப் பேசியிருக்க வேண்டும், பேசிவிட்டுப் படித்தேன். படித்தவற்றுள் நம் தோட்டத்து மக்களும் பட்டணத்து மக்களும் அறியவேண்டியவை சில உண்டு. அவற்றை இங்கே வைக்கிறேன்.

வரிசைப் பல்லுக்கு மதிப்பே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. பொய்யை வைத்துக்கொண்டு சீர்திருத்தம் பேசமுடியாது. பிரிட்டனைச் சேர்ந்த ஷா என்னும் பல் மருத்துவ அறிஞர் ஒரே முகத்தின் படத்தில் பற்களை மட்டும் மாற்றி மாற்றி அமைத்துப் பலரிடம் காட்டினார். வரிசையான பல்லோடு காட்டிய பிள்ளையை அழகுள்ள பிள்ளை, நட்புக்கு உகந்த பிள்ளை என்று பார்த்தவர்கள் மதித்தார்கள். இது 1981இல் வெளியான ஆராய்ச்சி. ஆகவே பல்லைப் பார்த்து மனிதரை எடைபோடும் குணம் நம் பெரியம்மாக்களுக்கு மட்டும் உரியதன்று. வெள்ளைக்காரர் நாட்டிலும் உண்டு. ஆனால் அதே அறிஞர் தம் தோழர்களோடு 1985இல் இளைஞர்களின் படங்களை வைத்துச் செய்த மறு ஆராய்ச்சியைப் பெண் பார்க்கப் போகிறவர்கள் எவரும் எடுத்துச் சொல்வதில்லை. அதில் பல நேரங்களில் பல்லின் குறையைவிட முகத்தின் மொத்த அமைப்பே பார்ப்பவரின் தீர்ப்பை முடிவு செய்தது என்று கண்டார்கள். முகம் பெரிய நீதிபதி. பல் அந்த நீதிமன்றத்தில் ஒரு சாட்சி. நாமோ நீதிபதியை வெளியே அனுப்பிவிட்டுச் சாட்சியை மட்டும் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறோம்.

சந்தேகமிருந்தால் உங்கள் வீட்டுக் கல்யாணப் படங்களை எடுத்துப் பாருங்கள். ஒரு தாளில் சதுரமாக ஓட்டை வெட்டி, வாய் மட்டும் தெரியுமாறு படத்தின்மேல் வைத்துப் பாருங்கள். உங்கள் தாயார், தமக்கை, உங்களையே பாருங்கள். ஒருவர் பல்லும் தேறாது. தாளை எடுத்துவிடுங்கள். நீங்கள் ஆயுள் முழுவதும் ஆசையோடு பார்த்த முகங்கள் திரும்ப வந்துவிடும். கைப்பேசியில் இரண்டு விரலை வைத்து விரிப்பது இந்த ஓட்டைத் தாளை ஒரு பெண்ணின் முகத்தின்மேல் வைப்பதற்குச் சமம்.

நம் மாமா சொன்ன நடுக்கோட்டு விஷயத்துக்கு வருகிறேன். 1999இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோக்கிச் முதலியோர் சிரிப்புப் படங்களில் வேண்டுமென்றே சிறு சிறு கேடுகளைச் செய்து, பல் நேராக்கும் நிபுணரிடமும் பொதுப் பல் மருத்துவரிடமும் சாதாரண மக்களிடமும் காட்டினார்கள். மேல் முன்பற்களின் நடுக்கோட்டை 4 மில்லிமீட்டர் விலக்கியபோதுதான் நிபுணர்களே அதைக் குறையாக மதித்தார்கள். பொதுப் பல் மருத்துவர்களும் சாதாரண மக்களும் அந்த 4 மில்லிமீட்டரையும் கண்டுகொள்ளவில்லை. 4 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டு அரிசியைப் பக்கத்தில் பக்கமாக வைத்த அகலம். இன்னொரு சாரார் அதே ஆண்டில் பிரிட்டனில் செய்த சோதனையில் 2 மில்லிமீட்டர் விலகலையே சாதாரண மக்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் குறைத்து மதித்தனர் என்று வந்தது; அதையும் மறைக்கவில்லை. மறுபாதியினர் அதையும் பொருட்படுத்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுகிறேன். பல் மருத்துவர்களே காணாத விலகலை என் மாமா உள்ளங்கை அகலக் கண்ணாடியில் கண்டார் என்றால், ஒன்று அவர் தெய்வப் பிறவியாக இருக்கவேண்டும். அல்லது ஏதோ குறை சொல்லியாகவேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவராக இருக்கவேண்டும்.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? இதைத்தான் நாம் நன்றாக விசாரிக்கவேண்டும்.

எட்வர்டு ஆங்கிள் என்ற அமெரிக்கரைப் பல் நேராக்கும் கலையின் தந்தை என்பர். பல் பொருத்தக் கேடுகளை மூன்று வகுப்பாகப் பிரித்து 1899இல் அவர் வகுத்த முறை இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. திறமையாளர்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் மனித முகத்தின் பேரழகுக்கு எடுத்துக்காட்டாக அவர் எதைக் கொண்டார் தெரியுமா? வத்திக்கானில் உள்ள அப்பொல்லோ பெல்வெடேர் என்னும் பளிங்குச் சிலையை! சிரிக்காத சிலை, சாப்பிடாத சிலை, ஐரோப்பிய மூக்கும் ஐரோப்பிய உதடும் படைத்த கல். அவருடைய நண்பரான வூர்பெல் என்ற ஓவியர், அழகிய முகத்துக்கு ஒரே அச்சு என்று வகுக்கமுடியாது என்று அவருக்கு எடுத்துச் சொன்னார். ஓவியன் கண்ட உண்மை அளவுகோல்காரர்களின் காதில் ஏறுவதற்கு நெடுங்காலமாயிற்று.

1948இல் டௌன்ஸ் என்பவர் மண்டையின் ஊடுகதிர்ப் படத்தில் கோடு கிழித்து, தாடையும் பல்லும் இன்ன கோணத்தில் இருக்கவேண்டும் என்று கணக்கு எழுதினார். அக்கணக்கு எத்தனை பேரை அளந்து பிறந்தது? நல்ல பல்வரிசை அமைந்த 20 பேரை. அத்தனை பேரும் வெள்ளையர். 12 முதல் 17 வயதுக்குட்பட்டவர்கள். அந்த இருபது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் தாடைதான் பிறகு பல நாட்டாருக்கும் உரைகல்லாயிற்று. நம் இனத்தாரின் முன்பற்களும் உதடுகளும் பொதுவாக அவர்களுடையதைவிடச் சற்று முன்னோக்கி நிற்பவை. இந்தியர்களை அளந்த ஆராய்ச்சிகள் இதைக் காட்டியிருக்கின்றன. நமக்கு இயற்கையாக அமைந்த முகவெட்டு அவர்கள் கணக்கில் “துருத்தல்” ஆகிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளையைப் பல்லன் என்று கூப்பிடுகிற வாய்க்குப் பின்னால் இந்தக் கணக்கின் நிழல் எவ்வளவோ விழுந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கணக்கை வெள்ளைக்கார மக்களே ஏற்றுக்கொள்ளவில்லை! 1970இல் பெக் சகோதரர்கள் அமெரிக்காவில் மக்கள் அழகர் என்று கொண்டாடிய 52 பேரை, அதாவது அழகுப் போட்டியில் வென்றவர்களையும் விளம்பரத்திலும் கலைத்துறையிலும் பெயர் பெற்றவர்களையும், எடுத்து அளந்து பார்த்தார்கள். மருத்துவ நூல்களின் அளவைவிட வாய்ப்பகுதி நிறைவாகவும் முன்னோக்கியும் அமைந்த முகங்களையே மக்கள் விரும்பியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. நூல் ஒன்று சொல்லிற்று. ஊர் வேறொன்றை நேசித்தது.

முகவடிவத்தைப் பற்றிய சாத்திரமும் இப்படியே. 1914இல் லியோன் வில்லியம்ஸ் என்பார் ஒரு விதி கூறினார். மனிதனின் மேல் நடுப்பல்லைத் தலைகீழாகப் பிடித்தால் அது அவன் முகத்தின் வடிவத்தை ஒத்திருக்கும். சதுர முகத்துக்குச் சதுரப் பல், குறுகிச் செல்லும் முகத்துக்குக் குறுகும் பல், முட்டை முகத்துக்கு முட்டைப் பல். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. பொய்ப்பல் செய்யும் கம்பெனிகள் இந்த மூன்று வடிவத்திலும் அச்சு வார்த்து விற்றன. பின்வந்தவர்கள் உயிருள்ள மனிதரை அளந்து பார்த்தபோது அப்படி உறுதியான தொடர்பு ஒன்றும் தென்படவில்லை. நீள முகத்துக்கு இந்தப் பல் எடுக்காது என்று என் மாமா உரைத்த ஞானம், நூறாண்டுக்கு முன் பொய்ப்பல் தேர்ந்தெடுக்க உதவிய ஒரு விதியின் எச்சில்.

பொன் விகிதம் என்று ஒன்றும் இப்போது கிளம்பியிருக்கிறது. அழகான வாயில் நடுப்பல்லின் தோற்ற அகலம் பக்கத்துப் பல்லைப்போல் 1.618 மடங்கு இருக்கவேண்டுமாம். 1993இல் பிரஸ்டன் என்பவர் உண்மையான பல் அச்சுகளை எடுத்து அளந்தார். நடுப்பல்லும் பக்கத்துப் பல்லும் அவ்விகிதத்தில் அமைந்தவை 17 விழுக்காடே. எஞ்சிய 83 விழுக்காட்டினர் தங்கள் வாயை மூடிக்கொண்டு வாழவேண்டும் போலும்!

நம் புலவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெண்ணின் பல்லுக்கு முத்தையும் முல்லை அரும்பையும் உவமை சொல்லிப் பழகியவர்கள் நாம். பெண் பார்க்கப் போகிற இடத்தில் இவ்வுவமையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் முல்லை அரும்பைக் கையில் எடுத்துப் பார்த்ததுண்டா? ஒன்று நீண்டிருக்கும், ஒன்று குட்டையாயிருக்கும், ஒன்று நுனியில் சற்று வளைந்திருக்கும். சரம் தொடுக்கிற பெண் எந்தக் காலத்திலும் அரும்புகளை மில்லிமீட்டர் வைத்து அளந்து தொடுத்ததில்லை. புலவர் சொன்னது வெண்மையையும் புதுமையையும் அல்லவா? உவமையை அளவுகோலாக்கியது நம் கைவண்ணம். இலக்கியம் படித்த குடும்பம் என்று பெருமை பேசும் வீடுகளிலும் இந்தக் கொடுமை நடக்கிறது என்பதனால் சொன்னேன்.

உலகம் முழுவதும் ஒரே பல்லையா அழகென்று கொண்டாடுகிறது? ஜப்பானில் மேலேறி நிற்கும் கோரைப்பல்லுக்கு யாயேபா என்று பெயர். அதை அழகென்று கருதிக் காசு கொடுத்துச் செயற்கையாக ஒட்டிக்கொண்ட இளம்பெண்கள் இந்த நூற்றாண்டிலேயே உண்டு. என் பெரியம்மா ஆகாது என்று ஒதுக்கிய அதே பல்! அதே ஜப்பானில் முற்காலத்தில் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வதே உயர்குடிப் பெண்ணுக்கு அழகு; 1870இல்தான் அரசு உயர்குடியினரிடையே அதற்குத் தடை விதித்தது. நைஜீரியாவில் முன்பல் நடுவே இடைவெளியிருந்தால் அது அழகுக்கு அடையாளம். இந்த மலாய்த் தீவுகளிலும் முன்னாளில் பல்லை அராவிக் கறுப்பேற்றும் வழக்கம் பரவியிருந்தது. பாலித்தீவில் இன்றைக்கும் மேல் முன்பல் ஆறையும் அராவிச் சமப்படுத்தும் சடங்கு உண்டு. காமம், குரோதம் முதலான ஆறு பகைகளை அராவித் தள்ளுவதாக அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அங்கே கூரிய கோரைப்பல் மிருகத்தின் அடையாளம்; ஜப்பானிலோ அதுவே செல்லப்பல். பல் ஒன்றுதான், பார்க்கிற ஊர் மாறுகிறது.

இவ்வளவும் வீண் வம்பு என்று சிலர் சொல்லக்கூடும். “ஏனப்பா, நம் பிள்ளைகள் அழகாயிருந்தால் உனக்கென்ன? சீனர் வீட்டுப் பிள்ளைகள் கம்பி போடவில்லையா?” என்று கேட்பார்கள். போடட்டும்; நம்மவரும் போடட்டும். தகுதியுள்ள மருத்துவரிடம், தேவையறிந்து, தன் விருப்பத்தோடு போட்டுக்கொள்கிறவரை நான் தடுக்கவில்லை. கல்யாணச் சந்தையில் விலைபோவதற்காக அச்சத்தால் விரட்டப்பட்டு, கைக்கு எட்டிய யாரிடமேனும் வாயைத் திறக்கிறாளே, அவளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

பல்லை நகர்த்துவதென்றால் வேலியில் சாய்ந்த கம்பத்தை நிமிர்த்துவதுபோல என்று பலர் எண்ணுகிறார்கள். பல் எலும்பில் நேராகப் பதிந்திருக்கவில்லை. இடையில் மெல்லிய நாராலான ஒரு படுகை இருக்கிறது. கம்பி மெல்ல அழுத்தும்போது, அழுத்தம் விழும் பக்கத்து எலும்பு கரைகிறது. மறுபக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. கரைவதும் வளர்வதும் இசைந்து நடந்தால் பல் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நகரும். ஆதலால்தான் முறையான சிகிச்சைக்கு ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. முடிந்தபின்னும் பல் பழைய இடத்துக்கு ஓடாதபடி பிடிப்பான் அணியவேண்டும். மூர்க்கமாக அழுத்தினால் நாரில் இரத்த ஓட்டம் தடைப்படும், வேர் கரைந்து குட்டையாகும், பல் ஆடும். ஈற்றில் நோய் இருக்கும்போது கம்பி மாட்டினால் எலும்பே அழியும். இதனால்தான் முதலில் ஊடுகதிர்ப் படம் எடுக்கிறார்கள். சொத்தையையும் ஈற்றையும் சரிசெய்கிறார்கள். அச்சு எடுத்துத் திட்டம் போடுகிறார்கள். ஐந்தாண்டு பல் மருத்துவம் படித்து, அதன்மேலும் சில ஆண்டு தனியாகப் பயின்றவர்கள் செய்யும் வேலை இது.

பட்டமில்லாத கம்பிக்காரரிடம் இவற்றுள் எது இருக்கிறது? வாடகை அறை ஒன்று, இணையத்தில் வாங்கிய கம்பியும் பசையும், கைப்பேசியில் பார்த்த படம். இவை போதும் என்று துணிகிறார்கள். கம்பிக்கு நிறம் நிறமாக ரப்பர் வளையம் மாட்டி அலங்காரம் என்று விற்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டப்படி பதிவில்லாத மருந்தகம் நடத்தும் தனியாருக்கு 300,000 ரிங்கிட் வரை அபராதமோ, 6 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 2017இல் மலாக்காவில் பட்டமின்றிக் கம்பி மாட்டிய ஒருவருக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. அப்போது அபராதம் கட்டப் பணம் திரட்டிய இரக்கவாதிகளும் இருந்தார்கள். வாய் கெட்டுப்போனவருக்காக இந்நாட்டில் யாரும் உண்டியல் குலுக்கி நான் பார்த்ததில்லை.

சட்டம் கம்பிக்காரரைப் பிடிக்கும். கம்பிக்காரரிடம் பெண்ணை அனுப்பிய எங்களை எந்தச் சட்டம் பிடிக்கும்?

அழகுக்கு அப்பாற்பட்ட தேவையும் உண்டு. அதை அசட்டை செய்யக்கூடாது. மேல் முன்பல் கீழ்ப்பல்லைவிட 3 மில்லிமீட்டருக்கு மேல் முன்தள்ளி நிற்கும் பிள்ளைக்கு, விழுந்தால் பல் உடையும் அபாயம் மற்றப் பிள்ளையைப்போல் ஏறக்குறைய இருமடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கடிக்க முடியாத பிள்ளை, மேலண்ணத்தில் பல் குத்துகிற பிள்ளை, பல் முளைக்காமல் எலும்புக்குள் சிக்கிக் கிடக்கும் பிள்ளை, இவர்களைக் காலத்தில் மருத்துவரிடம் கொண்டுபோகவேண்டும். பிரிட்டனில் 1989இல் வகுத்த தேவைப் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை படி வகுத்து, உண்மையில் சிகிச்சை தேவைப்படுகிறவர் யார், ஆசைப்படுகிறவர் யார் என்று அதில் பிரிக்கிறார்கள். கல்யாணத் தரகர் எந்தப் படியிலும் இடம்பெறவில்லை.

இந்த நாட்டில் அதற்கு வழியில்லாமலும் இல்லை. 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிய நாள் முதல் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதற்கென்றே ஒரு சேவை வளர்ந்து வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கே வந்து பல்லைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அரசாங்க நிபுணரிடம் கம்பிக்குக் காத்திருப்போர் வரிசை நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்த வரிசையில் பிள்ளையின் பெயரைப் பதிவதற்கு மாறாக, பல் தாதியர் வருகிற அன்றைக்குப் பயந்து பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் தாய்மாரை நம் லயங்களிலே நான் கண்டிருக்கிறேன். பதினைந்து வயதில் சொத்தை, இருபத்திரண்டு வயதில் கம்பி. இது என்ன கணக்கு?

இன்னொரு கொடுமை கேளுங்கள். தெற்றுப்பல்லைக் கண்டு முகம் சுளிக்கும் அதே கூடத்தில் வெற்றிலைத் தட்டு நடுவே இருக்கிறது. இந்நாட்டில் வாய்ப்புற்று நோய் இந்தியரிடையே, அதிலும் நம் பெண்களிடையே, மற்ற இனத்தாரைவிட மிகுதி. புகையிலை சேர்த்த வெற்றிலையும் சேர்க்காத வெற்றிலையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றாய்வு முகவாண்மை 2004இல் வெளியிட்ட நூலில் தீர்மானமாகக் கூறியிருக்கிறது. பாட்டிமாரின் கன்னத்துக்குள் ஆறாத வெண்படை இருக்கிறதா என்று எந்த வீட்டில் விளக்குப் பிடித்துப் பார்க்கிறார்கள்? விளக்கெல்லாம் மணப்பெண்ணின் வாய்க்கே பிடிக்கப்படுகிறது.

சிரிப்பு என்பது பல்லின் கண்காட்சி என்று நாம் நினைப்பதே அடிப்படைப் பிழை. 1862இல் டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத் தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்து எழுதிய நூலில், உள்ளத்து மகிழ்ச்சியால் வரும் சிரிப்பில் வாயின் தசையோடு கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்குகிறது. பொய்ச் சிரிப்பில் வாய் மட்டும் இழுபடுகிறது என்று காட்டினார். பல்லைப் பற்றி வெட்கமூட்டப்பட்ட பெண்ணைப் பாருங்கள். சிரிப்பு வரும்போது கை தானாக வாயை மூடுகிறது, உதடு இறுகுகிறது, தலை குனிகிறது. கண்ணில் தொடங்கவேண்டியது கண்ணுக்கு வராமலே செத்துப்போகிறது. பிறகு நாமே சொல்லுகிறோம், பெண் சிடுமூஞ்சி என்று!

கம்பி போட்டால் இந்த வெட்கம் போய்விடுமா? பிரிட்டனில் கார்டிஃப் நகரத்தில் 1981இல் 11, 12 வயதுப் பிள்ளைகள் 1,018 பேரை எடுத்துப் பதிவு செய்தார்கள். 20 ஆண்டுக்குப் பின் அவர்களில் 337 பேரைத் திரும்பப் பார்த்தார்கள். சிகிச்சை தேவைப்பட்டுச் செய்துகொண்டவர்களுக்குப் பல் வரிசையாக இருந்தது. தங்கள் பல்லில் திருப்தியும் இருந்தது. ஆனால் அவர்களுடைய மனநலத்துக்கும் தன்மதிப்புக்கும் அது செய்த நன்மை சொற்பம் என்று கண்டார்கள். சிறுவயதில் தன்மதிப்போடு இருந்த பிள்ளை பெரியவனானபோதும் தன்மதிப்போடு இருந்தது. அந்தத் தன்மதிப்பை ஊட்டுகிறவர் யார், கெடுக்கிறவர் யார்? பல் மருத்துவர் அல்லர். ‘பல்லி’, ‘முறப்பல்’, ‘தேங்காய்த் துருவி’ என்று பிள்ளைக்குப் பெயர் சூட்டிச் சிரிக்கும் மாமாக்களும் சித்தப்பாக்களுமே.

இன்னும் ஒன்று. மாப்பிள்ளையின் பல்லை யார் எண்ணினார்கள்? என் அண்ணன் நல்லவர்; அவரை நான் குறைகூறவில்லை. ஆனால் பெண் வீட்டுக்குப் போன அவருடைய படம் வாய் மூடிய படம். பதினெட்டு வயது முதல் புகை பிடிக்கிறவர். கீழ்வரிசைப் பல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. யாரும் அதை இரண்டு விரலால் விரிக்கவில்லை. மாட்டுச் சந்தையில்கூட வாங்குகிறவன் வாயை மாடு திறந்து பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் நாம் அழைப்பிதழில் அச்சடிக்கும் சொல் திருமணம் அல்லவா?

அண்ணனுக்கு இன்னும் பெண் அமையவில்லை. போன வாரம் தரகர் வேறொரு படம் அனுப்பியிருந்தார். பெரியம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல இரண்டு விரலைப் படத்தின்மேல் வைத்தார்கள். நான் என் கைப்பேசியை எடுத்து, சென்ற தீபாவளியன்று அண்ணன் வாய்விட்டுச் சிரித்தபோது எடுத்த படத்தைத் தேடி, பல் மட்டும் தெரியுமாறு விரித்து, பெரியம்மாவின் கைப்பேசிக்குப் பக்கத்தில் வைத்தேன். பெரியம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். “இது யாரு?” என்று கேட்டார்கள். “உங்க மகன்தான், பெரியம்மா” என்றேன்.

அவர்கள் ஒன்றும் பேசவில்லை. இரண்டு கைப்பேசியையும் எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, “காப்பி ஆறுது, குடி தம்பி” என்றார்கள்.